அண்ணன் வீடும் அக்கா வீடும் ஊருக்கு வந்த மார்கழி

அப்பா தவறியது 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் நடுவில். நியூஜெர்சியில் இருக்கும் அண்ணனாலும் வர முடியவில்லை, சிங்கப்பூரில் இருக்கும் அக்காவாலும் வர முடியவில்லை. இருவரும் போன் திரையில்தான் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தார்கள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போம்மா, முகம் சரியாத் தெரியல" என்று அண்ணன் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது.

அக்கா 2022இல் ஒரு தடவை நான்கு நாள் வந்து போனாள். அண்ணன் வரவே இல்லை. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக விசா முத்திரை எப்போது கிடைக்கும் என்று தெரியாத பயம். எல்லாம் சரியாகி, இரண்டு குடும்பங்களும் ஒன்றாக அம்மா வீட்டில் கூடியது 2023 டிசம்பரில்தான். அண்ணன், அண்ணி, அவர்களுடைய 14 வயதுப் பெண், 9 வயதுப் பையன். அக்கா, அத்தான், அவர்களுடைய 17 வயதுப் பையன். உள்ளூரில் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் இரண்டு பிள்ளைகளும். நடுவில் அம்மா. கும்பகோணத்திலிருந்து 9 கிலோமீட்டர் தள்ளி, அரசலாற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்.

எங்கள் தெருவிலேயே ஐந்து வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது வருகிறார்கள், மூன்று வாரம் ஓடுகிறார்கள், கிளம்பும்போது எல்லோருக்கும் ஏதோ ஒரு குறை மிஞ்சுகிறது. எங்களுக்கும் பாதி நாள் அப்படித்தான் போனது. மீதிப் பாதி வேறு மாதிரி ஆனது. எப்படி ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேதியிலேயே ஒரு மனத்தாங்கல். அம்மாவுக்குப் பொங்கலுக்குத்தான் எல்லோரும் வர வேண்டும். ஆனால் அமெரிக்காவில் பள்ளி விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டி வந்து ஜனவரி முதல் வாரத்தில் முடிந்துவிடுகிறது. சிங்கப்பூரில் ஜனவரி தொடக்கத்தில் புது வகுப்பே ஆரம்பம். தை பிறப்பதற்குள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்க வேண்டும். "அப்ப மார்கழியிலயே ஒரு பொங்கல் வச்சிடலாம்மா" என்று அண்ணன் போனில் சொன்னபோது அம்மா கோபப்பட்டாள். தை பிறக்காமல் பொங்கலா என்றாள். எங்கள் வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார்: "மார்கழிக்குன்னு என்ன உண்டோ அதைச் செய்வோம். கோலம் இருக்கு, வைகுண்ட ஏகாதசி இருக்கு, திருவாதிரைக் களி இருக்கு. அதுவே போதும்."

நாட்காட்டியைப் பார்த்தால் அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 23, திருவாதிரை 27. இரண்டும் விடுமுறைக்குள் விழுந்தன. எல்லா வருஷமும் இப்படி அமையாது. மார்கழியில் கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது என்பதும் வசதியாகிவிட்டது. உள்ளூர் சொந்தங்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். தை, ஆவணியில் வந்திருந்தால் பாதி நாள் கல்யாண மண்டபத்திலேயே போயிருக்கும். நீங்களும் தேதி பார்க்கும்போது இல்லாத பண்டிகைக்கு ஏங்காமல், அந்த நாட்களுக்குள் ஊரில் என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மூன்று மாதம் முன்னாலேயே வீட்டைத் தயார் செய்தோம். அதில் பெரிய செலவு கழிப்பறை. பின்கட்டில் இருந்தது பழைய மாதிரி, உட்கார்ந்து எழ வேண்டியது. பிள்ளைகளுக்காக வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று போட்டோம். அவர்கள் 14 நாள் பயன்படுத்தினார்கள். அம்மா முழங்கால் வலியோடு இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தாள் என்று அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. விருந்தாளிக்குச் செய்ததை அம்மாவுக்கு எப்போதோ செய்திருக்க வேண்டும். அப்புறம் ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை, ஒரு கீசர், குடிக்க இருபது லிட்டர் கேன், அதையும் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்ற மூடி போட்ட எவர்சில்வர் பானை. ஒன்றை மட்டும் சொல்ல விட்டுவிட்டோம். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. போன் சார்ஜருக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளும், அதன் மேலேயே எழுதியிருக்கும். முடி உலர்த்தும் கருவிக்கு ஒத்துக்கொள்ளாது. அண்ணி அங்கிருந்து கொண்டு வந்ததைச் செருகிய இரண்டாவது நிமிஷம் கருகல் வாடை வந்து, வீட்டு மின்சாரமே நின்றுபோனது.

அக்கா குடும்பம் 19ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து நேராகத் திருச்சியில் இறங்கியது. நான்கு மணி நேரப் பயணம்தான், வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாடே சாப்பிட்டார்கள். அண்ணன் குடும்பத்தின் பயணம்தான் கடினமாகிவிட்டது. வளைகுடா வழியாக வந்து, 20ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்குச் சென்னையில் இறங்கினார்கள். ஏற்பாடு செய்திருந்த வேன் ஓட்டுநர் முதல்நாள் இரவே வந்து விமான நிலையத்தில் தூங்காமல் காத்திருந்திருக்கிறார். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பாதை. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வரும் நாலுவழிச் சாலை வேலை அப்போது முடியவில்லை. ஓட்டுநரின் தலை ஒரு தடவை சாய்ந்ததை முன் இருக்கையில் இருந்த அண்ணன் பார்த்துவிட்டார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் அவரைத் தூங்க வைத்துவிட்டுப் பிறகுதான் கிளம்பியிருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் இங்கே நாங்கள் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

இதை அழுத்திச் சொல்கிறேன். 24 மணி நேரம் பறந்து வந்தவர்களை, இரவெல்லாம் விழித்த ஓட்டுநரோடு சாலையில் அனுப்பாதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக் குளித்துத் தூங்கிவிட்டு மறுநாள் வரட்டும். இல்லையென்றால் காலையில் எழும்பூரிலிருந்து கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கிறது, அதில் ஏறினால் நேராகக் கும்பகோணம். ரயில் முன்பதிவு அப்போது 120 நாளுக்கு முன்பே திறந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள் ஆகிவிட்டது. விமான டிக்கெட் போட்ட கையோடு ரயில் முன்பதிவு திறக்கும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் இறங்க முடிந்தால் அதுதான் நல்லது. 2024 ஜூனிலிருந்து புது முனையமும் நடப்பில் இருக்கிறது.

முதல் மூன்று நாளும் நாங்கள் பெரிய தவறு செய்தோம். வந்தவர்களை எதையும் தொட விடவில்லை. அண்ணி தட்டை எடுத்தால் நான் பிடுங்கினேன். அண்ணன் எழுந்தால் என் வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிள்ளைகள் கூடத்தில் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்த்தார்கள். பார்க்க வருகிற சொந்தங்கள் அவர்கள் முன்னால் நின்று, "என் பேர் என்ன சொல்லு பாப்போம்", "நான் உனக்கு என்ன முறை வேணும்" என்று பரீட்சை வைத்தார்கள். அண்ணன் பெண்ணுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசத்தான் கூச்சம். ஒரு தடவை தட்டுத்தடுமாறி அவள் சொன்ன வாக்கியத்துக்கு நான்கு பேர் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. வீட்டுக்குப் பெரியவர் யாராவது ஒருவர் முன்கூட்டியே சொந்தங்களிடம் சொல்லி வைக்க வேண்டும்: பிள்ளைகளைப் பேசச் சொல்லிக் கேட்காதீர்கள், நீங்கள் பேசுங்கள், அவர்கள் எந்த மொழியில் பதில் சொன்னாலும் சரி என்று. நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு மறக்கவில்லை.

இதற்கிடையில் அண்ணன் பையன் தூங்காமல் இருந்தான். நியூஜெர்சிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். உடம்பு பழக ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். பகல் மூன்று மணிக்குச் சாய்ந்து விழுவான், இரவு இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். அண்ணி அவனை இருட்டில் படுக்க வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பார். மூன்றாம் நாள், 22ஆம் தேதி, நான் நாலரை மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் வாசலில் விளக்கு எரிகிறது. அம்மா சாணம் தெளித்துப் பெருக்கி முடித்துப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் குல்லாயும் ஸ்வெட்டருமாகப் பையன் மாவுக் கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறான்.

மார்கழி முழுக்க அம்மா நான்கு மணிக்கு எழுவாள். அவனோ இரண்டு மணியிலிருந்து முழித்திருக்கிறான். வீட்டில் அந்த நேரத்தில் விழித்திருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். தூங்கு தூங்கு என்று நாங்கள் போராடிக்கொண்டிருந்தோம். அம்மா அவனை எழுப்பிக்கொண்டு போய் வேலை கொடுத்துவிட்டாள்.

"அப்பாயிக்குக் கண்ணு சரியாத் தெரியல. புள்ளி எண்ணிச் சொல்லு ராசா" என்றாளாம். அவன் ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணினான். பத்துக்கு மேல் தெரியாது. பதினொன்று, பன்னிரண்டு அன்றைக்குக் கற்றான். 15 புள்ளி, 8 முடிய, ஊடுபுள்ளி. கோலம் முடிந்ததும் சாணத்தைப் பிடித்து உருட்டி அதில் பரங்கிப்பூவைச் செருகி நடுவில் வைக்க வேண்டும். சாணத்தைத் தொடுவானா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தொட்டான். கை கழுவிவிட்டுத் தெருமுனைப் பெருமாள் கோயிலில் வெண்பொங்கல் வாங்கப் போனார்கள். வந்து சாப்பிட்டுவிட்டு விடியும் வெளிச்சத்தில் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். காலை வெயில் பட்டால் உடம்புக் கடிகாரம் சீக்கிரம் திரும்பும் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். அவன் மற்றவர்களைவிட இரண்டு நாள் முன்னாலேயே சரியானான்.

அன்றைக்கு மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அவங்கள எதுக்கு ஒக்கார வச்சிருக்க? இது அவங்க வீடு இல்லையா?" என்றாள். அம்மா அதிகம் பேச மாட்டாள். அது எனக்குச் சுருக்கென்று பட்டது. அன்று முதல் எல்லோருக்கும் வேலை பிரித்தோம். அக்கா காய் நறுக்க, அண்ணி இரவு டிபன், அத்தான் கடைத்தெரு, அக்கா பையன் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்ற. அண்ணியின் முகம் அன்றுதான் தெளிந்தது. பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: "மூணு நாளா சும்மா ஒக்காந்து இருந்தது, என்னைத் தள்ளி வச்ச மாதிரி இருந்துச்சு." உபசாரம் என்று நாங்கள் நினைத்துச் செய்ததை அவர் அப்படி உணர்ந்திருக்கிறார்.

அண்ணனுக்கு அம்மா கொடுத்த வேலை, அப்பாவின் சைக்கிள். பின்கட்டில் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. "அத எடுத்துத் துடைச்சு வைடா, துருப்பிடிக்குது" என்றாள். அண்ணன் காலையில் தேங்காய் எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சங்கிலியைக் கழற்றினார், கம்பி கம்பியாகத் துடைத்தார். சீட்டுக்கு அடியில் அப்பா மழைக்காகச் செருகி வைத்திருந்த பிளாஸ்டிக் பை அப்படியே மடித்தபடி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் அழுதார். இரண்டரை வருஷத்து அழுகை. யாரும் பக்கத்தில் போகவில்லை. அம்மா மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள். டியூப் மாற்றி, சாயங்காலம் அதே சைக்கிளில் வயலுக்குப் போய்விட்டு வந்தார். வந்த நாளிலேயே அப்பா படத்துக்கு மாலை போட்டு எல்லோரும் கும்பிட்டிருந்தோம். அதில் அவருக்கு எதுவும் இறங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. துக்கத்தைத் தவறவிட்டவர் ஊருக்கு வந்தால், தனியாக இருக்க ஒரு நாளும், செத்தவருடைய பொருளைத் தொட்டுச் செய்ய ஒரு வேலையும் கொடுங்கள்.

சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவது பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு உள்ளூரிலும் சுற்றிலும் 14 வீடுகள் உண்டு. ஒரு வீட்டுக்குப் போய் மறு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. போன இடமெல்லாம் சாப்பிடச் சொல்வார்கள். 21ஆம் தேதி மட்டும் நான்கு வீடு போனோம். வழியில் ஐஸ் போட்ட கரும்புச் சாறும் குடித்தார்கள். அன்றிரவே அண்ணன் பெண்ணுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வீட்டில் இருந்ததால், அதில் எழுதியிருந்த அளவுத் தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுத்து, காலையில் எங்கள் டாக்டரிடம் கூட்டிப் போனோம். இரண்டு நாளில் சரியானது. டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகைத் தடுப்பூசிகள் போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். போடவில்லை. நம்ம ஊர்தானே என்று விட்டிருக்கிறார்கள். சுற்றுலாவாக வருகிறவர்கள் போட்டுக்கொண்டு வருவார்கள், சொந்த ஊருக்கு வருகிறவர்கள்தான் அலட்சியமாக இருந்து அதிகம் அவதிப்படுவார்கள் என்றார். கிளம்ப நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பு அங்கேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த அண்ணனுக்கும் இது பொருந்தும், பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போவதை நிறுத்தினோம். 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. சமையல்காரர் வைத்து 80 பேருக்கு இலை போட்டோம், 22,000 ரூபாய் ஆனது. பிள்ளைகள் மூன்று பேரும் தண்ணீர் வைத்தார்கள், அப்பளம் போட்டார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் குனிந்து நின்று அப்பளம் வைக்கும்போது, யாரும் பரீட்சை வைக்கவில்லை. "இன்னொண்ணு வைம்மா" என்றார்கள், அவ்வளவுதான். அண்ணன் பெண் "போதுமா தாத்தா?" என்று கேட்டதை அண்ணி என்னிடம் வந்து இரண்டு தடவை சொன்னார்.

ஆனால் துக்கம் நடந்த வீடுகளுக்கு நேரில்தான் போக வேண்டும், அதில் சலுகை கிடையாது. இந்த இடைவெளியில் மூன்று வீட்டில் சாவு. அண்ணனும் அக்காவும் மட்டும் போனார்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை. அங்கே கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது என்பது அண்ணனுக்கே மறந்திருந்தது. வாசலில் வாய் வரை வந்ததை அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாளாம்.

பரிசுப் பொருளால் வந்த மனக்கசப்பும் உண்டு. அண்ணி மூன்று பெட்டி நிறையக் கொண்டு வந்திருந்தார். கூடத்தில் திறந்து வைத்து ஆளுக்கு எடுத்துக் கொடுத்ததில், ஒரு சித்திக்குச் சோப்பு, இன்னொரு சித்திக்குக் கைப்பை. சோப்பு வாங்கிய சித்தி அடுத்த நாள் வரவில்லை. பெட்டியை எல்லோர் முன்னாலும் திறக்காதீர்கள். ஒரே முறையில் உள்ளவர்களுக்கு ஒரே பொருள் கொண்டு வாருங்கள், வீட்டுப் பெரியவர் கையால் கொடுங்கள். அந்தச் சித்தி வீட்டுக்குப் போய் அம்மாதான் சரி செய்தாள்.

பணத்தை நாங்கள் முன்கூட்டியே பேசியது நல்லதாகப் போயிற்று. "எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்று அண்ணன் முதலில் சொன்னார். பெரிய மனசுதான். ஆனால் அப்படி விட்டால் என் வீட்டுக்காரர் அவருடைய மாமியார் வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவர் போல ஆகிவிடுவார். அதனால் வேனும் விருந்தும் அண்ணன், மளிகையும் காய்கறியும் அக்கா, வீட்டு மராமத்து நாங்கள் என்று அக்டோபரிலேயே பிரித்து, 40 பக்க நோட்டு ஒன்றில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அடுக்களை ஆணியில் தொங்கவிட்டோம். ஒரு சின்ன விஷயம். இங்கே பூக்கடை வரைக்கும் யுபிஐதான், வெளிநாட்டு அட்டையை எங்கள் ஊர்க் கடைகள் வாங்காது. அண்ணனுடைய பழைய இந்திய சிம் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருந்ததால் வங்கி ஓடிபி எதுவும் வரவில்லை. சிம்மை உயிரோடு வைத்திருங்கள், இல்லாவிட்டால் வந்ததும் ரொக்கமாகக் கொஞ்சம் மாற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

நிலத்தைப் பற்றிய பேச்சு வராமல் இருக்காது. எங்களுக்கு ஏழு மா நிலம், அதாவது இரண்டேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. அந்த வருஷம் மேட்டூர் அணையை அக்டோபர் 10ஆம் தேதியே மூடிவிட்டார்கள். பம்பு செட்டையும் மழையையும் நம்பிச் சம்பா நின்றுகொண்டிருந்தது. பட்டா இன்னும் அப்பா பெயரில். 22ஆம் தேதி ராத்திரி, சாப்பிட்ட கையோடு, சொந்தங்கள் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது அத்தான் சாதாரணமாகத்தான் கேட்டார்: "நிலத்த என்ன பண்றதா உத்தேசம்?" அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அதோடு அன்றைய பேச்சு நின்றது.

பிறகு 26ஆம் தேதி மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவும் நாங்கள் மூன்று பேரும் மட்டும் பேசினோம். அம்மா இருக்கும்வரை பிரிக்க வேண்டாம், பட்டாவை எல்லோர் பெயருக்கும் கூட்டாக மாற்றுவோம், அலுவலகங்களுக்கு அலைய எனக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பது என்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். 28ஆம் தேதி சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரிலேயே பதிந்துவிட்டோம். இதையே அவர்கள் வெளிநாட்டில் இருந்து செய்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி, தபாலில் அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஆட்கள் ஊரில் இருக்கும்போது முடிப்பது எவ்வளவோ சுலபம். டிசம்பர் 25, ஜனவரி 1 அரசு விடுமுறை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தாள்களையெல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே தயாராக எடுத்து வையுங்கள்.

27 திருவாதிரை. அண்ணன் பெண்தான் அன்று அடுக்களையில். அரிசியைச் சிவக்க வறுத்து உடைத்து, வெல்லப் பாகில் கிளறும் களி, ஏழு காய் போட்ட கூட்டு. வறுக்கும்போது வாசனை எப்போது மாறுகிறது என்று அம்மா அவளை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். அவள் அளவையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள். அம்மா "கைப்பிடி" என்று சொன்னதை மட்டும் அப்படியே தமிழில் எழுதியிருந்தாள், அந்தத் தாளை நான் பார்த்தேன்.

29ஆம் தேதியிலிருந்து மூன்று நாள் கொடைக்கானல் போவதாக இருந்தது, அறைக்கு முன்பணமும் கட்டியிருந்தோம். ஆனால் அந்த மாதம் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றது. அதே ஸ்ரீவைகுண்டத்தில்தான் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை. இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தபோது, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து போனதாகச் சொன்னார். விருந்துக்கும் அவர் வரவில்லை.

கொடைக்கானலை விட்டுவிடலாம் என்று முதலில் சொன்னது அக்கா பையன். "அம்மாயி, நான் மாமா கூட அங்க போறேன்" என்றான். அண்ணன், என் வீட்டுக்காரர், அவன் மூன்று பேரும் அரிசி, போர்வை, ப்ளீச்சிங் பவுடர், இரண்டு மண்வெட்டியோடு போனார்கள். ஒன்றரை நாள் சேற்றை வாரிப் போட்டார்கள். அத்தை கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த மர பீரோ ஊறிப் பிளந்து கிடந்ததாம். அதிலிருந்த புடவைகளை அலசி மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு வந்தான் அந்தப் பையன். 30ஆம் தேதி ராத்திரி கை முழுக்கக் கொப்புளத்தோடு வந்து இறங்கினார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை. அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெட்டி கட்டும்போது கவனிக்க வேண்டியது: அமெரிக்காவுக்குப் பொடி வகை, வடகம், வற்றல் கொண்டு போகலாம், இறங்கியதும் உணவுப் பொருள் இருப்பதைப் படிவத்திலோ வாயாலோ சொல்லிவிட வேண்டும். கறிவேப்பிலை கூடாது, அங்கே எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோய் அதில் தொற்றி வரும் என்பதால். பச்சைக் காய், பழம், விதை, கறி எதுவும் கூடாது. அம்மா கொடுத்த கறிவேப்பிலைக் கொத்தை அண்ணன் கிளம்பும் முன் என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லாதே என்றார். அதைக் காயவைத்துப் பொடித்து அடுத்த தடவை தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அக்கா குடும்பம் 31ஆம் தேதியும், அண்ணன் குடும்பம் ஜனவரி 2ஆம் தேதியும் கிளம்பினார்கள். இந்தத் தடவை முதல்நாள் மத்தியானமே புறப்பட்டு, சென்னையில் அறை எடுத்துத் தங்கினார்கள்.

அடுத்த வருஷம் மார்கழி முதல் தேதி, காலை நாலரை மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. நியூஜெர்சியில் அப்போது முதல்நாள் மாலை ஆறு மணி. பையன் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுகிறான். அம்மா போனைத் திண்ணைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டுப் புள்ளி வைத்தாள். "அப்பாயி, மூணாவது வரிசைல ஒண்ணு கொறையுது" என்றான் அவன். அம்மா குனிந்து எண்ணிப் பார்த்தாள். குறைந்துதான் இருந்தது.